புல்லுருவி அன்று, மரவாழை!

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

அறியாமல் செய்த பிழையை உலகம் மன்னித்துவிடும் என்பார்கள். ஆனால் படித்து, மனப்பாடம் செய்து, தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கிய பிறகு செய்த பிழையை என்னவென்று சொல்வது? அப்படி ஒரு பிழையைச் செய்தவள் நான். அதை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்வதோடு, என்னைப் போல் வேறு யாரும் செய்துவிடக் கூடாதே என்ற கவலையையும் மாணவ நண்பர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீடு மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். அம்மா முந்திரி ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் பக்கத்தில் அதை ‘அண்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். வீட்டின் பின்புறம் ஒரு பலா மரம் நிற்கிறது. என் பாட்டி மணமாகி வந்தபோதே அது காய்த்துக்கொண்டிருந்ததாம். அந்த மரத்தின் கவைகளில் கொத்துக் கொத்தாகச் சில செடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தடித்த நீண்ட இலைகள். நாலாபக்கமும் படர்ந்த வெள்ளை வேர்கள். நாங்கள் யாரும் அவற்றை நட்டதில்லை. யாரும் நீர் ஊற்றியதும் இல்லை.

நான் பதினோராம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருந்த கோடை விடுமுறை அது. பக்கத்து வீட்டுப் பாட்டா ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மக்களே, பிலாவுல புல்லுருவி பிடிச்சிருக்கு. இப்பிடியே விட்டா மரம் பட்டுப்போவும்” என்றார். அவர் எங்கள் நன்மைக்காகத்தான் சொன்னார். அப்பா ஏணியைச் சாத்தினார். நான் வெட்டுகத்தியோடு ஏறினேன். ஒரு செடி விடாமல் சுரண்டி எடுத்தேன். ஒரு சாக்கு நிறைய வந்தது. நான்கு நாள் வெயிலில் போட்ட பிறகும் அவை வாடவில்லை. கடைசியில் சருகைக் குவித்து எரித்தோம். மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் தேர்வுக்காக, ‘வாண்டா ஒரு தொற்றுத் தாவரம்; அதன் வேர்களில் உள்ள வெலாமன் திசு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது’ என்று பலமுறை எழுதிப் பார்த்திருந்தேன். வாண்டா என்பது எங்கோ வெளிநாட்டில் இருக்கும் செடி என்பது என் எண்ணம். எங்கள் பலா மரத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லூரியில் முதலாம் ஆண்டு செய்முறை வகுப்பில்தான் கண் திறந்தது. பேராசிரியை ஒரு வெள்ளை வேரைக் கொடுத்து, பிளேடால் மெல்லிய சீவலாகச் சீவி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வேரின் வெளிப்புறத்தில், உள்ளே ஒன்றுமில்லாத அறைகள் அடுக்கடுக்காய்த் தெரிந்தன. “இதுதான் வெலாமன். உயிரற்ற செல்கள். மழை பட்டதும் கடற்பஞ்சைப் போல நீரை வாங்கிக்கொள்ளும்” என்றார். பிறகு தம் பையிலிருந்து முழுச் செடியையே எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் வேர்கள் ஒரு துண்டு மாம்பட்டையைப் பற்றிக்கொண்டிருந்தன. அதைக் கண்டதும் என் கை நடுங்கியது. ஒரு சாக்கு நிறைய நான் எரித்தது இந்த இனத்தைத்தான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நாம எரிச்சது நல்ல செடியாக்கும், இல்லியா மக்களே?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

புல்லுருவி எது?

நண்பர்களே, பாட்டா சொன்னது முழுப் பொய்யும் அன்று. புல்லுருவி என்று ஒன்று உண்மையில் உண்டு. அது மரத்துக்குத் தீங்கு செய்வதும் உண்மை. மா, சப்போட்டா போன்ற மரங்களில் அதை நிறையக் காணலாம். பூக்கொத்திக் குருவிகள் அதன் பழத்தைத் தின்று, பசை போன்ற விதையைக் கிளையில் விட்டுச் செல்கின்றன. அங்கே முளைக்கும் செடி தன் உறிஞ்சு உறுப்பை மரத்தின் உள்ளே செலுத்தி, மரம் தனக்கென ஏற்றும் நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. அது பற்றிய இடத்தில் கிளை முண்டு முண்டாய் வீங்கியிருக்கும். செடியும் கட்டையான கிளைகளோடு புதர்போல் இருக்கும்.

மரவாழை, அதாவது மரத்தில் வளரும் ஆர்க்கிட், இப்படிப்பட்டதன்று. அதன் வேர் பட்டையின் மேலே படர்கிறதே தவிர, உள்ளே நுழைவதில்லை. விரலால் மெல்ல நெம்பினால் வேர் பெயர்ந்து வரும். கீழே பட்டை காயமின்றி இருக்கும். மழைநீர், பனி, காற்றில் வரும் தூசு, பட்டையில் மட்கிய சருகு, பறவை எச்சம் ஆகியவைதாம் அதன் உணவு. உலர்ந்திருக்கும்போது வெள்ளி போல் மின்னும் அதன் வேர், நனைந்தவுடன் பச்சையாகிவிடும். வெலாமனில் நீர் நிறைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிவதே காரணம். ஆம், அந்த வேர்களே ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன! மரத்திடம் அது கேட்பது நிற்பதற்கு ஓர் இடம் மட்டுமே. பட்டுப்போன கிளையில் அதிகச் சுமை சேர்ந்தால் காற்றில் முறியலாம் என்பது ஒன்றைத் தவிர, மரத்துக்கு அதனால் இழப்பு இல்லை.

வாடகைக்கு இருப்பவனையும் திருட வந்தவனையும் ஒரே தடியால் அடிக்கலாமா? நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் மண்ணின் செடி

ஆர்க்கிட் என்றதும் பூக்கடையின் கண்ணாடிப் பெட்டியும், தாய்லாந்திலிருந்து வரும் ஊதாப் பூவும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. நம் மண்ணில் அதற்கு உள்ள வரலாற்றை மறந்துவிட்டோம். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் உள்ளிட்ட நம் பக்கத்து அறிஞர்களின் துணையோடு உருவாக்கிய ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பன்னிரண்டாம் தொகுதியில் மரத்தில் வளரும் ஆர்க்கிட்டுகள் பல, மரவாழை என்னும் பெயரோடு படங்களாக இடம்பெற்றுள்ளன. காஞ்சிர மரத்தில், அதாவது எட்டி மரத்தில், வளர்வது காஞ்சிர மரவாழை. ஈட்டி மரத்தில் வளர்வது ஈட்டி மர மரவாழை. எந்த மரத்தில் எது வளரும் என்று பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர்! அந்தக் காஞ்சிர மரவாழைக்குத்தான் 1753-இல் லின்னேயஸ் லத்தீனில் பெயர் சூட்டினார். இன்று அது ‘சிம்பிடியம் அலாய்ஃபோலியம்’ என்று வழங்குகிறது. கற்றாழை போன்ற இலை உடையது என்பது பொருள்.

என் பாட்டிக்கும் ‘மரவாழை’ என்ற சொல் தெரிந்திருந்தது. நான் கல்லூரியிலிருந்து வந்து சொன்ன பிறகுதான், “மரவாழை தானே? எங்க அம்மை வீட்டுல மாவு நெறைய நிக்கும், மழ தொடங்கச்சில வால் வாலா பூக்கும்” என்றார். அதாவது, பாட்டிக்குத் தெரிந்தது அப்பாவுக்கு வந்து சேரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு தலைமுறையில் ஒரு சொல் தொலைந்தது. அடுத்த தலைமுறையில் செடியே தொலைந்தது.

பாட்டி சொன்ன ‘வால்’ பெரும்பாலும் நரிவால் ஆர்க்கிட்டாக இருக்கலாம். ‘ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா’ என்பது அதன் அறிவியல் பெயர். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த, ஊதாப் புள்ளியிட்ட சிறு பூக்கள், ஒரே கொத்தில் நூற்றுக்கு மேலும் நெருங்கித் தொங்கும். அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களுக்கு அதுவே மாநில மலர். பிஹு நடனமாடும் அசாம் பெண்கள் அதைக் கொண்டையில் சூடுகிறார்கள். அங்கே கொண்டையில் ஏறும் பூவின் செடியை இங்கே நாம் புல்லுருவி என்று நெருப்பில் இடுகிறோம்.

இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 2019-இல் வெளியிட்ட பட்டியலின்படி நம் நாட்டில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன. அவற்றுள் 757 மரத்தில் வளர்பவை. மேற்குத் தொடர்ச்சி மலை அவற்றின் முக்கியமான இருப்பிடங்களுள் ஒன்று. அந்த மலையின் தென்கோடியில் இருக்கும் நாம் அதைப்பற்றி அறியாமல் இருக்கலாமா?

தொட்டியா, மரமா?

ஆர்க்கிட்டை விரும்புவோர் சிலர் நம் ஊரிலும் உண்டு. நர்சரியில் சில நூறு ரூபாய் கொடுத்து, பிளாஸ்டிக் தொட்டியில் கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்டு விற்கும் செடியை வாங்குகிறார்கள். செம்மண்ணில் வளர்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தொட்டியில் மண்ணை நிரப்பி, காலையும் மாலையும் நீர் ஊற்றுகிறார்கள். இரண்டு மாதத்தில் வேர் அழுகிச் செடி மடிகிறது. “ஆர்க்கிட் நமக்கு ஒத்துவராது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மரத்தில் பிறந்த செடியின் வேருக்கு முதல் தேவை காற்று. மழை வந்து நனைத்ததும் சிறிது நேரத்தில் உலர்ந்துவிட வேண்டும். இதைத் தொட்டியில் செய்து காட்டப் பெரிய திறமை வேண்டும். மரமோ இதைத் தானாகவே செய்துவிடுகிறது. நம் மாவட்டத்துக்கு ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் வருகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குக் கிடைக்காத பேறு இது. வீட்டுக்கு ஒரு மாவோ பலாவோ நிற்கும் ஊரில், இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், ஆர்க்கிட்டுக்குத் தொட்டி எதற்கு? நாட்டு ஆர்க்கிட்டுக்கு உரிய இடம் வீட்டு மரந்தான் என்பதே என் கருத்து.

நான் கற்ற முறை

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அப்பா வேலைக்குப் போகும் வழியில் ஒரு விளையில் வீடு கட்டுவதற்காக ஒரு பழைய அயனி மரத்தை முறித்தார்கள். தடியை வியாபாரி கொண்டுபோய்விட்டார். விறகுக்கு ஒதுக்கிய கிளைகளில் இரண்டு கொத்து மரவாழை இருந்ததை அப்பா கண்டார். விளைக்காரரிடம் கேட்டு, பட்டையோடு செதுக்கி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு கொத்தும் எதற்காக வந்தன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

முதல் கொத்தை நான் அதிகப் பாசத்தால் கெடுத்தேன். தேங்காய்க் கதம்பையைக் கனமாக வைத்து, இடையில் சிறிது மண்ணும் மட்கிய சாணமும் சேர்த்து, சுற்றிலும் இறுக்கிக் கட்டினேன். ஜூலை மழையில் அது ஈரம் கோத்து, குருத்து அழுகிப்போயிற்று. இரண்டாவதை, பேராசிரியை சொன்னபடி வெறும் பட்டையின் மேல் வைத்துக் கட்டினேன். அது பிழைத்தது. அதிலிருந்து நான் கற்றவற்றை, செய்து பார்க்க விரும்புவோருக்காகக் கீழே தருகிறேன்.

முதலாவது, மரத்தைத் தேர்ந்தெடுப்பது. பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும். உரிந்து விழக் கூடாது. மா, பலா, அயனி ஆகியவை நல்லவை. தென்னையிலும் வளரும். கொய்யாவும் யூக்கலிப்டஸும் பட்டை உரிப்பவை; அவற்றில் கட்டினால் செடி பட்டையோடு கீழே வந்துவிடும்.

இரண்டாவது, இடம். காலை வெயில் படும் கிழக்குப் பக்கமும், உச்சி வெயிலை இலை மறைக்கும் உயரமும் ஏற்றவை. நீர் தேங்கும் கவையின் குழியில் வைக்கக் கூடாது. அடர்ந்த இருட்டிலும் வைக்கக் கூடாது. செடி சாகாது, ஆனால் பூக்காது.

மூன்றாவது, காலம். மழை தொடங்கும்போது, வேர் நுனிகள் பச்சையாக நீளத் தொடங்கும் சமயமே சிறந்தது. புதிதாக வளரும் வேர்தான் மரத்தைப் பற்றும். பழைய வேர் பெரும்பாலும் மீண்டும் பற்றுவதில்லை.

நான்காவது, கட்டுவது. அழுகிய வேரை வெட்டி நீக்கிவிட்டு, செடியின் அடிப்பகுதி பட்டையில் நன்றாகப் படியும்படி வைத்து, பழைய பருத்தித் துணியைக் கிழித்து ஆடாமல் கட்ட வேண்டும். குருத்துக்குள் நீர் நிற்காதவாறு சற்றுச் சாய்வாக வைப்பது நல்லது. ஆணி அடிக்கக் கூடாது. கம்பியும் வேண்டாம், மரம் பருக்கும்போது அது பட்டையை அறுத்துவிடும். கதம்பை நார் வேண்டுமானால் ஒரு மெல்லிய படலம் போதும். செடி ஆடினால் வேரின் இளநுனி உரசி நசிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது, பராமரிப்பு. மழைக்காலத்தில் ஒன்றுமே செய்ய வேண்டாம். தை முதல் சித்திரை வரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை காலையில் நீர் தெளித்தால் போதும். மண்ணும் வேண்டாம், சாணமும் வேண்டாம். இதற்கு ஆன செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். அம்மாவின் பழைய சேலையில் ஒரு முழத் துண்டு.

மூன்று வாரத்தில் ஒரு வேர் நுனி பட்டையை நோக்கித் திரும்பியது. ஐப்பசி மழையில் மூன்று வேர்கள் பலாவை நன்றாகப் பிடித்துக்கொண்டன. துணியை அவிழ்த்துவிட்டேன். இப்போது இரண்டு புதிய இலைகள் வந்திருக்கின்றன.

காட்டில் கை வைக்கலாமா?

இதைப் படித்துவிட்டு ஆர்வத்தோடு மலைக்குப் புறப்பட்டுவிடாதீர்கள் என்று கைகூப்பி வேண்டுகிறேன். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். உலக அளவில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும், 1973-இல் உருவான சைட்ஸ் உடன்படிக்கை வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அறிவியலும் வேண்டாம் என்றே சொல்கிறது.

ஓர் ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கலாம். அவை தூசு போன்றவை. உள்ளே சேமித்த உணவு இல்லை. ஒரு குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் இயற்கையில் விதை முளைக்கும். இதைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899-இல் கண்டார். 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். இன்று நர்சரிகளுக்கு லட்சக்கணக்கில் கன்றுகள் வருவது அந்த வழியில்தான். ஆனால் காட்டில் லட்சம் விதையில் ஒன்றிரண்டு தப்பினால் பெரிது. தப்பியதும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். சாக்கில் அள்ளிவரும் ஒரு கொத்து, எத்தனை ஆண்டுகளின் பிழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். நான் எரித்த சாக்கின் கணக்கும் அதுவே.

அப்படியானால் எங்கிருந்து எடுப்பது? விழுந்த மரத்திலிருந்து; வீட்டுக்காகவோ சாலைக்காகவோ வெட்டிய மரத்திலிருந்து, உரியவரைக் கேட்டு எடுக்கலாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. நான் அப்போது சிறுமி. ரோட்டில் குறுக்கே கிடந்த மரங்களை அறுத்து ஒதுக்கியதும், கிளைகள் விறகாய்ப் போனதும் நினைவிருக்கிறது. அவற்றின் மேல் எத்தனை மரவாழைகள் இருந்திருக்கும்! அன்று அதை எடுத்து வேறொரு மரத்தில் கட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால் போதுமே.

மரங்கள் எங்கே?

பழைய விளைகளில் மா, பலா, அயனி, புளி, தென்னை எல்லாம் கலந்து நின்றன. இன்று பெரும்பாலான விளைகளில் ரப்பர் மட்டுமே நிற்கிறது. ரப்பரைப் பழிப்பது என் நோக்கமன்று. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும், என் கல்லூரிக் கட்டணமும் ரப்பர் பாலால்தான். ஆனால் ரப்பர் மரத்தின் பட்டை பாலுக்காக வெட்டப்படுவது. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் மரமே முறிக்கப்பட்டு மறுநடவு செய்யப்படுவது. மெதுவாக வளரும் மரவாழை அங்கே நிலைத்துக் குடியிருக்க முடியாது. ஆகவே, வீட்டு முற்றத்தில் மிஞ்சிய ஒரு மாவும் ஒரு பலாவுமே அதற்குக் கடைசி அடைக்கலம். அதையும் நாம் புல்லுருவி என்று சுரண்டினால் அது எங்கே போகும்?

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர் பலர் உழைத்து வாழும் நாடு அது. அங்கே நகரம் வளர வளர நாட்டு ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. 1995 முதல் அந்நாட்டின் தேசியப் பூங்காக் கழகம், எஞ்சிய செடிகளின் விதைகளை ஆய்வுக்கூடத்தில் முளைக்கவைத்து, அந்தக் கன்றுகளைப் பூங்காக்களிலும் சாலையோர மரங்களிலும் கட்டிவருகிறது. புலி ஆர்க்கிட் என்னும் மிகப் பெரிய இனம் அப்படித்தான் மீண்டும் நகரத்து மரங்களில் இடம் பெற்றது. பணம் படைத்த நாடு, இழந்ததைப் பெரும் பணம் செலவழித்து மீட்கிறது. நாமோ, இன்னும் கையில் இருப்பதைக் காசில்லாமல் காக்கலாம். அதையும் செய்யாமல் இருக்கலாமா?

சிலர் கேட்கலாம்: ‘கூலிக்குப் போகிற வீட்டில் பூ எதற்கு? தாவரவியல் படித்து மரத்தில் செடி கட்டுவதால் வேலை கிடைத்துவிடுமா?’ இந்தக் கேள்வி என் காதிலும் விழுந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். மரவாழை சோறு போடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்கும் எதிர்க்கேள்வி இது: வீட்டு மரத்தில் இருக்கும் செடியை அடையாளம் காட்டாத படிப்பு, நாளைக்கு எந்த வேலையில்தான் பயன்படும்? புத்தகத்தில் வாண்டா, மரத்தில் புல்லுருவி. இந்த இரண்டுக்கும் இடையே இருந்த தூரம்தான் என் கல்வியில் இருந்த குறை. அந்தக் குறைக்கு ஒரு சாக்குச் செடி பலியாயிற்று. எங்கள் வீட்டுக்குக் கல்லூரியிலிருந்து நான் கொண்டுசென்ற முதல் பொருள் பட்டமன்று. அது இன்னும் என் கைக்கு வரவில்லை. அப்பாவுக்கும் பாட்டாவுக்கும் உதவக்கூடிய ஓர் உண்மையைத்தான் முதலில் கொண்டுசென்றேன். இப்போது பாட்டாவே, “புல்லுருவின்னா மொழி வீங்கி இருக்கும், இது மேல படருற சாதி” என்று பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இதைவிட ஒரு மாணவிக்கு வேறென்ன மதிப்பெண் வேண்டும்?

என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்ற ஊர். 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீயைப் பெட்டியில் குடிவைத்து வளர்க்கும் முறையைக் கிராம மக்களிடம் பரப்பினார். அதுவரை தேன் என்றால் கூட்டை அழித்து எடுப்பது என்றிருந்தவர்கள், தேனீயைக் காத்துத் தேன் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். தேனீக்கு வீட்டுப் பக்கத்தில் இடம் கொடுக்கக் கற்ற ஊர், மரவாழைக்கு வீட்டு மரத்தில் இடம் கொடுக்கக் கற்காதா?

ஆகவே நம் கல்லூரிக்குப் பணிவோடு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று: நம் வளாகத்து மரங்களில் எவை எவை ஒட்டி வளர்கின்றன என்று தாவரவியல் மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை கணக்கெடுக்க வேண்டும்; பெயரை ஒரு பலகையில் எழுதி மரத்தடியில் வைக்க வேண்டும். இரண்டு: தங்கள் ஊரில் பழைய மரம் முறிக்கப்படும் செய்தி தெரிந்தால், அதில் மரவாழை இருக்கிறதா என்று பார்த்து, உரியவரைக் கேட்டு எடுத்துவந்து வளாகத்து மரங்களில் கட்ட, மாணவர் குழு ஒன்று வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலும் இதைச் சேர்க்கலாம். மூன்று: தாவரவியல் சுற்றுலாவில் ஒரு நாளை, ஏற்காட்டிலுள்ள தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்கோ, திருவனந்தபுரத்துக்கு அப்பால் பாலோட்டில் 1979-இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுக்கோ ஒதுக்கலாம். பாலோடு நமக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரந்தான்.

மாணவ நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் முற்றத்து மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கவையில் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால், கத்தியை எடுக்கும் முன்பு அதன் அடியைப் பாருங்கள். கிளை வீங்கியிருக்கிறதா, அல்லது வெள்ளை வேர்கள் மேலே படர்ந்திருக்கின்றனவா? வேர்கள் படர்ந்திருந்தால் ஏணியை இறக்கிவிடுங்கள்.

எங்கள் பலாவில் இருக்கும் கொத்து இன்னும் பூக்கவில்லை. இலையைப் பார்த்துவிட்டு, “நரிவாலாக இருக்கலாம், பூத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்” என்கிறார் பேராசிரியை. இந்த ஜூன் மழையில் பூக்குமோ, அடுத்த ஜூன் மழையிலோ தெரியாது. அப்பா மட்டும் தினமும் விடியுமுன் பால் வெட்டப் புறப்படும்போது, தலையில் கட்டிய டார்ச் விளக்கை ஒருமுறை பலாவின் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.